214 கோடிச் சொச்சம்: ஓர் எண்ணின் குலமும் குணமும் வீழ்ச்சியும்

இயல் 1: ஆய்வுச் சிக்கலும் எல்லையும்

தரவுத்தளம் கற்கத் தொடங்கும் மாணவர் ஒருவர் வாடிக்கையாளர் பட்டியல் தயாரிக்கிறார். பெயர், ஊர், கைபேசி எண் என மூன்று பத்திகள். கைபேசி எண்ணும் எண்தானே என்ற நியாயமான நம்பிக்கையில், அந்தப் பத்திக்கு ‘முழு எண்’ என்று வகை கொடுத்துவிடுகிறார். எல்லாருடைய விவரங்களையும் ஏற்றிவிட்டுத் திறந்து பார்த்தால், பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே கைபேசி எண்: 2147483647.

காரணத்தைக் கண்டறிவது கடினமன்று. இந்தியக் கைபேசி எண்களுக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்று. ஆகவே மிக எளியவரின் கைபேசி எண்கூட 600 கோடிக்குக் குறையாது. 32 பிட் கொண்ட முழு எண் கட்டத்திலோ 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-க்கு மேல் இடமில்லை. கண்டிப்பு முறை இயக்கப்படாத மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் தன்னால் கொள்ள முடியாததைத் திருப்பி அனுப்பாது. தன் உச்ச எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் ஓர் எச்சரிக்கை விடுத்துவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடும்.

நாட்டிலுள்ள ஒவ்வொரு கைபேசி எண்ணைக் காட்டிலும் சிறியதான ஓர் எண், எல்லாருடைய எண்ணாகவும் வேடம் பூணுகிறது. இது ஆய்வுக்குரிய நிலை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இக்கட்டுரையின் கருதுகோள் வருமாறு: வகுத்தலால் வெல்ல முடியாத இவ்வெண், கூட்டலால் வீழ்கிறது, அதற்கு ஒன்றைக் கூட்டினாலே போதும். ஆய்வின் எல்லை 2147483646 முதல் 2147483648 வரை. தவிர்க்க முடியாத இடங்களில் மட்டும் எல்லைக்கு வெளியே சென்று வரப்படும்.

இயல் 2: தோற்றப் பொலிவு

பத்து இலக்கங்களில் 0, 5, 9 ஆகிய மூன்றுக்கும் இங்கே இடமில்லை. 4 மூன்று முறை வருகிறது. 7 இரண்டு முறை. 1, 2, 3, 6, 8 தலைக்கு ஒரு முறை. இலக்கங்களைக் கூட்டினால் 46, மேலும் கூட்டினால் 10, முடிவில் 1. எண்கணித ஜோதிடத்தில் 1 சூரியனுக்கு உரியது. அடுத்த எண்ணான 2147483648-இன் இலக்கங்களைக் கூட்டிச் சுருக்கினால் 2 வரும். அது சந்திரனுக்கு உரியது. ஒன்றைக் கூட்டியதும் சூரியன் மறைந்து சந்திரன் எழுவதைக் கருதுகோளுக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்பது விரிவாக ஆராயப்பட்டது. சூரிய ஆதிக்கத்தில் உள்ள எந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினாலும் சந்திரன்தான் வரும் என்பது தெரியவந்ததால், அச்சான்று கைவிடப்பட்டது.

கணினிக்குரிய இரும முறையில் எழுதிப் பார்த்தால் பொலிவு கூடுகிறது. வரிசையாக 31 ஒன்றுகள். நடுவில் ஒரு சுழிகூடக் கிடையாது. 2-ஐ 31 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். கணித வழக்கில் 2³¹ − 1.

அளவு பற்றி ஒரு குறிப்பு. பிறந்த நொடி முதல் உண்ணாமல் உறங்காமல் நொடிக்கு ஒன்றாக ஒருவர் எண்ணிக்கொண்டே வந்தால், 24,855 நாள், 3 மணி, 14 நிமிடம், 7 நொடியில் இவ்வெண்ணை எட்டுவார். அப்போது அவருக்கு 68 வயது முடிந்து பதினெட்டு நாள் ஆகியிருக்கும். இதே கணக்கு எட்டாம் இயலில் வேறு வேலைக்குப் பயன்படும் என்பதால் ஆய்வாளர்கள் இதை மனத்தில் இருத்துக.

இயல் 3: குலமரபு

2-இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1-ஐக் கழிக்க வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மாரின் மெர்சென் 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி. ஐரோப்பிய அறிஞர்களுக்கிடையே ஓயாமல் கடிதப் போக்குவரத்து நடத்தியவர். 257 வரையுள்ள அடுக்குகளில் எவை எவை பகா எண்ணைத் தரும் என்று 1644-இல் அச்சான தம் நூலில் ஒரு பட்டியல் கொடுத்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இவற்றுள் 67-உம் 257-உம் தவறு. சேர்த்திருக்க வேண்டிய 61, 89, 107 விடுபட்டுப் போயின. பதினோரு பேர் பட்டியலில் ஐந்து பிழை இருந்தும் குலப்பெயர் அவருடையதாகவே நிலைத்துவிட்டது.

67-இன் கதி பரிதாபமானது. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டமொன்றில் ஃபிராங்க் நெல்சன் கோல் மேடையேறினார். வாயே திறக்காமல் கரும்பலகையின் ஒரு பக்கம் 2⁶⁷ − 1-இன் மதிப்பைக் கணக்கிட்டார். மறுபக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தன. பேசாமலே போய் அமர்ந்தார், அரங்கம் கைதட்டியது என்று சொல்வார்கள்.

நம் ஆய்வுப் பொருளுக்கு அத்தகைய அவமானம் நேரவில்லை. மெர்சென்னுக்கு முன்பே இத்தாலியரான பியேத்ரோ கத்தால்தி 17, 19 ஆகிய அடுக்குகளை உரிய முறையில் வகுத்துப் பார்த்து உறுதி செய்திருந்தார். அந்தத் துணிவில் 23, 29, 31, 37 ஆகியவையும் பகா எண்ணைத் தரும் என்று அறிவித்துவிட்டார். 23-ஐயும் 37-ஐயும் ஃபெர்மா வீழ்த்தினார். 29-ஐ ஆய்லர் வீழ்த்தினார். நால்வரில் தப்பியது 31 மட்டும்.

இந்த 31 யார் என்று விசாரித்தால் குலப்பெருமை இன்னும் துலங்குகிறது. 31 என்பது 2⁵ − 1. அடுக்காக நிற்கும் எண்ணும் மெர்சென் குலம், அதிலிருந்து பிறந்த எண்ணும் மெர்சென் குலம். இப்படி இரு வழியும் தூய்மையான பகா எண்கள் இதுவரை நான்குதான் அறியப்பட்டுள்ளன: 7, 127, நம் 2147483647, அப்புறம் 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1.

இயல் 4: அண்டை அயல்

ஒருவரின் குணத்தை அறிய அக்கம்பக்கத்தில் விசாரிப்பது மரபு. இடப்பக்கத்து வீடான 2147483646 யார் கேட்டாலும் கொடுத்துவிடும் இயல்புடையது: 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. வலப்பக்கத்து வீடான 2147483648 முழுக்க முழுக்க இரண்டுகளால் ஆனது. அங்கே 31 இரண்டுகள் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. இவ்விருவருக்கும் நடுவே, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு யாராலும் மீதியின்றி வகுக்கப்பட மறுத்து நிற்கிறது 2147483647.

தன்னைப் போன்ற இன்னொரு பகா எண்ணைச் சந்திக்க வேண்டுமானால் பின்னால் 18 வீடு தள்ளி 2147483629-க்குப் போகவேண்டும். அல்லது முன்னால் 12 வீடு தள்ளி 2147483659-க்கு. இரட்டைப் பகா எண்கள் என்று இரண்டே வீடு இடைவெளியில் நெருங்கி வாழ்வோரும் எண்ணுலகில் உண்டு. இது அந்த வகையைச் சேர்ந்ததன்று.

வர்க்க எண்களோடு உறவு எப்படி? இவ்வெண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 7. அப்படிப்பட்ட எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. மூன்றின் கூட்டலாகவும் முடியாது. எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று லக்ராஞ்ச் 1770-இல் நிறுவியிருக்கிறார். அந்த நான்கையும் தேடிப் பிடிப்பது இக்கட்டுரையின் பங்களிப்பு: 46339-இன் வர்க்கம், 425-இன் வர்க்கம், 10-இன் வர்க்கம், 1-இன் வர்க்கம். கூட்டிப் பார்த்தால் 2147302921 + 180625 + 100 + 1. ஐயமுள்ளோர் தாளும் பென்சிலும் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். இதே எண்ணை வேறு நான்கு வர்க்கங்களாகப் பிரிப்போரோடு இவ்வாய்வுக்குப் பகையில்லை.

இயல் 5: 372 வகுத்தல்கள்

வகுபடாது என்று சொன்னால் போதாது, நிறுவ வேண்டும். நிறுவியவர் லெயோன்ஹார்ட் ஆய்லர். ஆண்டு 1772; இடம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அவருக்கு வலக்கண் பார்வை 1738-இலேயே மங்கிவிட்டது. 1766-இல் இடக்கண்ணில் புரை விழுந்தது. 1771-இல் செய்த அறுவை சிகிச்சையும் பலிக்கவில்லை. அதே ஆண்டு வீடும் தீக்கிரையானது. இந்த நிலையில்தான் பெர்னூலி குடும்பத்தார் ஒருவருக்குக் கடிதம் போகிறது: 2147483647 பகா எண்தான், சோதித்தாயிற்று.

சோதித்த விதம் படிப்பதற்கு இன்பமானது. ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். இங்கே வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டுகிறது. அதுவரை உள்ள பகா எண்கள் நாலாயிரத்துக்கும் அதிகம். பார்வையிழந்த 65 வயதுக்காரர் அத்தனையையும் வகுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லாதபடி ஆய்லர் இரண்டு வடிகட்டிகள் வைத்தார். முதலாவது: 2³¹ − 1-ஐ ஒரு பகா எண் வகுக்குமானால், அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வந்தே தீர வேண்டும். இரண்டாவது: அதை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே வாசலுக்குள் நுழையத் தகுதி பெறுகின்றன.

46340 வரை அப்படிப்பட்டவை எத்தனை? முதல் ஆளான 63, ஏழாலும் ஒன்பதாலும் வகுபடுவதால் வாசலிலேயே நீக்கப்படுகிறது. மீதம் 372. அவற்றுள்ளும் பகு எண்களைக் கழித்துவிட்டால் வேலை இன்னும் குறையும். எஞ்சியவற்றில் ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்கவில்லை. 248 என்ற எண்ணையும் ஆய்வாளர்கள் மனத்தில் இருத்துக.

அதன்பின் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, மனிதர் அறிந்த பகா எண்களிலேயே பெரியது இதுதான்.

இயல் 6: பயனின்மை பற்றிய தீர்ப்பும் மேல்முறையீடும்

மெர்சென் குலத்துப் பகா எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறைவெண் பிறக்கும். தன்னைத் தவிரத் தன் வகுஎண்கள் எல்லாவற்றையும் கூட்டினால் தானே திரும்பக் கிடைக்கும் எண் நிறைவெண். 6-க்கு 1, 2, 3, கூட்டினால் 6. பிறகு 28, 496, 8128 என்று வரும். வழியைச் சொன்னவர் யூக்ளிட். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் வருவது எட்டாவது நிறைவெண்: 2305843008139952128.

1811-இல் ஆங்கிலேயரான பீட்டர் பார்லோ எண் கோட்பாடு பற்றிய தம் நூலில் இந்த எட்டாவதன்மீது ஒரு தீர்ப்பு வழங்கினார். இதைவிடப் பெரிய நிறைவெண் இனி எக்காலத்திலும் கண்டுபிடிக்கப்படாது. இவை வெறும் வேடிக்கை, பயன் ஏதுமில்லை. ஆகவே இதற்கு மேல் தேட யாரும் மெனக்கெடமாட்டார்கள் என்பது அதன் சாரம்.

பயனில்லாத காரியத்துக்கு மெனக்கெடும் மனிதரின் ஆற்றலைப் பார்லோ குறைத்து மதிப்பிட்டுவிட்டார். 1876-இல் பிரான்சின் எதுவார் லூக்கா, கையாலேயே கணக்கிட்டு 2¹²⁷ − 1 பகா எண் என்றார். 1883-இல் ரஷ்யாவில் இவான் பெர்வூஷின் என்ற பாதிரியார், மெர்சென் தவறவிட்ட 2⁶¹ − 1-ஐ மீட்டெடுத்தார். தேடல் இன்னும் ஓயவில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-இன் இலக்கங்கள் மட்டும் 4,10,24,320. ஒவ்வொன்றோடும் ஒரு நிறைவெண் இலவசம்.

பயனின்மை என்ற குற்றச்சாட்டுக்கும் விடை உண்டு. கணினிக்குத் தாயம் உருட்டத் தெரியாது. குலுக்கல் எண் வேண்டுமென்றால் கணக்குப் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும். ஓர் எண்ணை எடு, 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதிதான் அடுத்த எண். ஐபிஎம் 360 கணினிகளுக்காக 1969-இல் வெளியான இந்த முறையை, 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர் ‘குறைந்தபட்சத் தரம்’ என்று முன்மொழிந்தார்கள். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதும் 16807 அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் சேர்ந்து, 1 முதல் 2147483646 வரை ஒவ்வொரு எண்ணும் சரியாக ஒரு தடவை தலைகாட்டிய பிறகே சுற்று மறுபடி தொடங்கும். 1-இல் ஆரம்பித்துப் பத்தாயிரம் முறை செய்தால் 1043618065 வரவேண்டும். வராவிட்டால் நிரல் பிழை. இன்றைய சி++ மொழியின் நூலகத்திலும் இந்த முறை அப்படியே இருக்கிறது.

இயல் 7: வீழ்ச்சிப் படலம்

இதுவரை வகுத்தல். இனிக் கூட்டல்.

32 பிட்டில் ஒன்றைக் கணினி கூட்டல் கழித்தல் குறிக்காக ஒதுக்கிவிடுகிறது. எஞ்சிய 31-லும் ஒன்றுகளை நிரப்பினால் நம் எண். அதோடு ஒன்றைச் சேர்த்தால், 99999-ஐத் தாண்டிய பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டியைப் போல எல்லா ஒன்றும் சுழியாகி, கைமாற்று ஒன்று குறிக்கான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்கூட்டரில் பூச்சியம் வரும். இங்கே வருவது −2147483648. சிகரத்திலிருந்து ஒரு படி ஏறியவர் பாதாளத்தின் அடித்தட்டில் நிற்கிறார்.

இதைப் பொதுமக்கள் கவனத்துக்குக் கொண்டு வந்தவர் கணிதரல்லர், தென்கொரியப் பாடகர் சை. 2012 ஜூலையில் யூடியூபில் ஏறிய ‘கங்னம் ஸ்டைல்’ பாடல், 2014 டிசம்பர் தொடக்கத்தில் இந்த வரம்பை எட்டியது. பார்வை எண்ணிக்கை பூச்சியத்துக்குக் கீழே போக வழியே கிடையாது. ஆனாலும் கழித்தல் குறிக்கு ஒரு பிட் ஒதுக்கித்தான் வைத்திருந்தார்கள். ஒரே காணொளி இத்தனை முறை பார்க்கப்படும் என்று நினைக்கவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. பொறியாளர்கள் முன்கூட்டியே விழித்துக்கொண்டு கட்டத்தை 64 பிட்டாக விரித்துவிட்டதால் குதிரை நடனம் தடையின்றித் தொடர்ந்தது.

2015-இல் விஷயம் சற்றே கனமானது. போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகளை அணைக்காமல் தொடர்ந்து 248 நாள் இயக்கினால், உள்ளே உள்ள மென்பொருள் எண்ணி நிரம்பி வழிந்து, விமானம் மாறுமின்னோட்டம் முழுவதையும் இழக்கக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. பரிகாரம், அவ்வப்போது அணைத்துப் போடுவது. நொடியின் நூறில் ஒரு பங்கு வீதம் எண்ணிக்கொண்டே போனால் 2³¹-ஐ எட்ட எத்தனை நாள் என்று கணக்குப் போட்டவர்களுக்குக் கிடைத்த விடை 248.55.

ஆய்லரின் வடிகட்டியிலும் 248, விமானத்திலும் 248. இரண்டையும் இணைத்து ஒரு பெருங்கோட்பாடு எழுப்பும் ஆவல் இவ்விடத்தில் எவருக்கும் எழும். முன்னது 8 × 31. பின்னது பூமி தன்னைச் சுற்ற எடுக்கும் நேரத்தையும், மனிதர் அதை 86,400 நொடியாக வெட்டிய வழக்கத்தையும் சார்ந்தது. இடையே உள்ள 0.55 நாளை விளக்கவும் யாரும் முன்வராததால் கோட்பாடு கைவிடப்பட்டது.

இயல் 8: பஞ்சாங்க இயல்

யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு தொடங்கி நொடி நொடியாக எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் கருவிகளுக்கு, இரண்டாம் இயலில் கண்ட 24,855 நாள் கணக்கு முடியும் தருணம் 2038 ஜனவரி 19, அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடி. இந்திய நேரப்படி காலை 8:44:07. தை மாதம், செவ்வாய்க்கிழமை.

நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்ததில் செவ்வாய்க்கிழமை எமகண்டம் 9 மணிக்குத்தான் ஆரம்பம். இராகு காலம் பிற்பகல் 3 மணிக்கு. ஆக, உலகக் கணினிகளின் கண்டம் எமகண்டத்துக்கு 15 நிமிடம் 53 நொடி முன்பாகவே வந்துவிடுகிறது. பஞ்சாங்கத்தின் பிழையா, யூனிக்ஸின் அவசரமா என்பது விவாதத்துக்குரியது.

அடுத்த நொடியில் சீர்திருத்தப்படாத கருவி 1901 டிசம்பர் 13, கிரீன்விச் நேரம் இரவு 8:45:52-க்குத் திரும்பிவிடும். அன்று வெள்ளிக்கிழமை. பதின்மூன்றாம் தேதி வெள்ளியைக் கண்டு நடுங்கும் மேலைநாட்டாருக்கு இது கூடுதல் சுமை. சீர்திருத்தங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. 2020-இல் வந்த லினக்ஸ் 5.6, 32 பிட் கருவிகளிலும் 64 பிட் நேரத்தைக் கையாளும் வசதியோடு வந்தது. சுவருக்குள்ளும் எந்திரங்களுக்குள்ளும் பொதிந்து கிடக்கும் பழைய கட்டுப்பாட்டுப் பலகைகள்தான் கவலைக்குரியவை.

இயல் 9: வாரிசு உரிமையும் மேலாய்வுப் பரிந்துரையும்

அரியணைக்கு வந்திருக்கும் 64 பிட் உச்ச எண் 2⁶³ − 1, அதாவது 9223372036854775807. நொடிக் கணக்கில் இது தீர 29,200 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான். கூட்டலால் இதை வீழ்த்துவது எளிதன்று. ஆனால் குணம்? பள்ளிச் சிறுவன் 7-ஆல் வகுத்தாலே வகுபடுகிறது; வந்த விடையை மறுபடி 7-ஆல் வகுத்தாலும் வகுபடுகிறது. 7 × 7 × 73 × 127 × 337 × 92737 × 649657. இதற்காக ஆய்லர் ஒரு கடிதத் தாளைக்கூட வீணாக்கியிருக்கமாட்டார்.

தலைமுறைகளை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. 8 பிட்டின் உச்சம் 127, பகா எண். 16 பிட்டின் உச்சம் 32767, அதாவது 7 × 31 × 151. 32 பிட்டில் மீண்டும் பகா எண், 64-இல் மீண்டும் பகு எண். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் கணினிகளிலும் நிலவுகிறது என்று முடிவுகட்டத் தோன்றும். 128 பிட்டுக்குரிய 2¹²⁷ − 1-ஐ லூக்கா சான்றளித்திருப்பதால் முடிவு வலுப்பெறுகிறது, 256-உம் ஒத்துழைக்கிறது. 512-இல் கதை கெட்டுவிடுகிறது. அங்கே அடுக்கு 511. அது 7 × 73. அடுக்கு வகுபட்டால் எண்ணும் வகுபட்டே தீரும்.

எனவே பகா எண் ஒன்றே உச்சவரம்பாக இருக்க வேண்டும் என்று விரும்புவோர் 128 பிட்டோடு நின்றுகொள்வது நலம். அதன் உச்ச எண் 170141183460469231731687303715884105727. இந்திய முறைப்படி எழுத 18 காற்புள்ளிகள் தேவைப்படும். அவற்றை உரிய இடங்களில் இட்டு, கோடி கோடியாக வாய்விட்டுப் படித்து, எத்தனையாவது கோடியில் மூச்சு வாங்குகிறது என்று பதிவு செய்யும் பணி முனைவர் பட்டத்துக்குத் தகுதியானது, வழிகாட்டிகள் கவனிக்க.